பல் வேரைக் கழுவும் மருந்தும் அதன் அளவும்

பல்லுக்கொதி வந்தால் பல்லைப் பிடுங்கிவிடுவதே ஒரே வழி என்று எம்மில் பலர் நினைக்கின்றோம். முகாமிலும், உறவினர் வளவிலும், தற்காலிகக் கொட்டிலிலும் வாழும் குடும்பத்துக்கு ஒரு பல்லுக்காக மூன்று நான்கு தடவை பஸ் ஏறுவது இலேசான காரியமல்ல. ஒரு நாள் கூலியும் போய்விடும். ஆயினும் பிடுங்கிய கடைவாய்ப் பல் திரும்பவும் முளைக்காது. நாற்பது வயதுக்குள் நாலைந்து பற்களை இழந்தவர் அதன்பின் வாழ்நாள் முழுவதும் ஒரு பக்கத்தாலேயே சப்பிச் சாப்பிட வேண்டியிருக்கிறது.

பல்லைப் பிடுங்காமல் காப்பாற்றும் முறை ஒன்று உண்டு. அதனை வேர்க்கால்வாய்ச் சிகிச்சை என்பர். சனங்கள் 'றூட் கனால்' என்றும் 'நரம்பு எடுக்கிறது' என்றும் சொல்வார்கள். இதற்குப் போகத் தயங்குவதற்குத் தூரமும் செலவும் மட்டும் காரணமல்ல, பயமும் ஒரு காரணம். "பல்லுக்குள்ளே குளோரின் அடிக்கிறார்களாம். ஒருவருக்கு முகமெல்லாம் வீங்கிக் கறுத்துப் போயிற்றாம்" என்ற பேச்சு எங்கும் உண்டு.

இந்தப் பேச்சு முழுப் பொய்யல்ல. பல் வேரைக் கழுவும் மருந்து உண்மையிலேயே குளோரின் கலந்ததுதான். அது வேரைத் தாண்டி வெளியே போனால் முகம் வீங்குவதும் உண்மை. ஆனால் அளவறிந்து பாவிக்கும்போது அதே மருந்துதான் பல்லைக் காப்பாற்றுகிறது. அந்த அளவுகள் எவை, பல் வைத்தியர் அவற்றை எப்படிப் பேணுகிறார், நோயாளியாகிய நாம் செய்ய வேண்டியவை எவை என்பதை இப்பாடத்தில் பார்ப்போம்.

1. பல்லின் உள்ளே இருப்பது என்ன?

பல்லின் வெளிப்புறம் கல்லுப்போல் கடினமானது. உள்ளே நரம்பும் இரத்தக் குழாய்களும் கொண்ட மெதுமையான சதை இருக்கிறது. இந்தச் சதை வேரின் நடுவே ஒடுங்கிய வாய்க்கால்போல் இறங்கி, வேர் நுனியிலுள்ள சிறு துவாரத்தினூடாகத் தாடை எலும்போடு தொடர்புபடுகிறது. முன் மேற்பல்லுக்குப் பெரும்பாலும் ஒரு வாய்க்கால் இருக்கும். கீழ்க் கடைவாய்ப் பல்லுக்குப் பொதுவாக மூன்று, சில வேளை நான்கு.

சூத்தை ஆழமாகி உட்சதையை எட்டும்போது அங்கே கிருமிகள் குடியேறுகின்றன. சதை அழுகுகிறது. சீழ் வேர் நுனியால் இறங்கி எலும்பிலே தேங்குகிறது. முரசில் கொப்புளம் வருவதும், இரவில் படுக்கவிடாமல் கொதிப்பதும் இதனால்தான். குளிசை போட்டால் நோவு அடங்கும். ஆனால் அழுகிய பொருள் உள்ளேயே கிடக்கும்.

2. ஏன் கழுவ வேண்டும்?

பல் வைத்தியர் மெல்லிய அரங்களைக் கொண்டு வாய்க்காலைச் சுரண்டித் துப்புரவாக்குகிறார். ஆனால் இந்த வாய்க்கால் குழாய்போல் ஒரே சீரானதல்ல. வளைவும் கிளையும் பக்கப் பொந்தும் கொண்டது. பெரிய வாய்க்காலை மண்வெட்டியால் செப்பனிடலாம், நண்டுப் பொந்துக்குள் மண்வெட்டி போகாது. அவ்வாறே அரம் எட்டாத இடத்துக்குத் திரவம்தான் போக வேண்டும். ஆகவே அரமும் கழுவலும் மாறி மாறி நடைபெறுகின்றன.

இதற்கு உலகெங்கும் அதிகம் பயன்படும் திரவம் சோடியம் ஐப்போகுளோரைற்று. இது கிருமியைக் கொல்வதோடு அழுகிய சதையையும் கரைக்கும். கிணற்றுக்குப் போடும் வெளிற்றும் தூளும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. முதலாம் உலகப் போர்க் காலத்தில், 1915ஆம் ஆண்டளவில், டேக்கின் என்ற ஆங்கில இரசாயனவியலாளரும் கரேல் என்ற பிரெஞ்சுச் சத்திரசிகிச்சை நிபுணரும் போர்க்காயங்களைக் கழுவ இதனைப் பயன்படுத்தினர். அப்போது அவர்கள் எடுத்துக்கொண்ட செறிவு ஏறக்குறைய 0.5 வீதம். அதற்குமேற் போனால் காயத்தின் நல்ல சதையும் எரியும் என்பதைக் கண்டே அந்த அளவை வைத்தனர். அதாவது, தொடக்கத்திலிருந்தே இந்த மருந்தின் கதை அளவின் கதைதான்.

அழுகிய சதை எது, உயிருள்ள சதை எது என்று இந்த மருந்துக்குத் தெரியாது. வேருக்குள் இருந்தால் நன்மை செய்யும். வேர் நுனியைத் தாண்டினால் அங்குள்ள நல்ல சதையையும் எரிக்கும். துருசைத் திறந்து வயலுக்கு விடும் தண்ணீர் பயிரை வளர்க்கிறது, குளக்கட்டை உடைத்துக்கொண்டு பாயும் அதே தண்ணீர் பயிரை மூடி அழிக்கிறது. இதனை விவசாயிகளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த மருந்தைக் கட்டுக்குள் வைத்திருக்க மூன்று அளவுகள் உண்டு: நீளம், செறிவு, விசை.

3. முதலாவது அளவு: நீளம்

வேர் எங்கே முடிகிறது என்று தெரியாமல் உள்ளே ஊசி விடக்கூடாது. முன் மேற்பல்லின் முழு நீளம் சராசரியாக 22 அல்லது 23 மில்லிமீற்றர். வேட்டைப் பல் 26 மில்லிமீற்றர் வரை போகும். ஆனால் சராசரி என்பது உங்கள் பல்லின் அளவல்ல. ஒவ்வொரு வாய்க்காலையும் தனித்தனியே அளக்க வேண்டும்.

இதற்குப் பழைய வழி எக்ஸ்றே. றொன்ற்ஜன் 1895ஆம் ஆண்டில் எக்ஸ்-கதிரைக் கண்டுபிடித்தார். சில ஆண்டுகளுக்குள்ளேயே பல் வைத்தியர்கள் அதனை வேரின் நீளத்தை அறியப் பயன்படுத்தத் தொடங்கினர். ஆயினும் எக்ஸ்றேப் படம் ஒரு நிழல்தான். ஒரே பனை காலையில் நீண்ட நிழலையும் மத்தியானத்தில் குறுகிய நிழலையும் தருவதுபோல, கதிர் விழும் சரிவைப் பொறுத்து வேர் நீண்டோ குறுகியோ தெரியலாம். மேலும், வாய்க்காலின் வாய் எப்போதும் வேரின் நுனியிலேயே இருப்பதில்லை. பல வேளைகளில் அரை மில்லிமீற்றரோ அதற்கு மேலோ தள்ளிப் பக்கவாட்டில் இருக்கும். ஆகவே படத்தில் தெரியும் நுனியிலிருந்து அரை முதல் ஒரு மில்லிமீற்றர் குறைத்தே வேலை நீளத்தைக் கணக்கிடுவர்.

இரண்டாவது வழி மின் அளவி. உதட்டில் ஒரு சிறு கொளுக்கியை மாட்டி, வாய்க்காலுக்குள் அரத்தை இறக்கும்போது அரம் வேரின் முடிவை நெருங்குவதை இக்கருவி ஒலியாலும் திரையாலும் காட்டும். வாயின் உட்தோலுக்கும் வேரைச் சுற்றியுள்ள சவ்வுக்கும் இடையிலுள்ள மின்தடை பெரிதும் மாறாதிருப்பதை யப்பானியரான சுசுக்கி 1942இல் கண்டறிந்தார். அதனை வைத்து 1962இல் சுனாடா என்பவர் நீளம் அளக்கும் முறையை அமைத்தார். வாய்க்காலில் ஈரம் அதிகமாக இருந்தாலோ அரம் உலோக நிரப்பலில் முட்டினாலோ பழைய கருவிகள் பிழையாகக் காட்டும். இன்றைய கருவிகள் திருந்தியுள்ளன. எனினும் கருவியும் எக்ஸ்றேயும் ஒன்றையொன்று சரிபார்ப்பதே நல்லது.

ஓர் உதாரணம் பார்ப்போம்.

படத்தில் பல்லின் நீளம்: 22 மி.மீ.
குறைக்க வேண்டியது: 1 மி.மீ.
வேலை நீளம்: 21 மி.மீ.
கழுவும் ஊசி நிற்க வேண்டிய எல்லை, மேலும் 2 மி.மீ. குறைத்து: 19 மி.மீ.

ஊசியில் 19 மில்லிமீற்றரில் ஒரு சிறு இறப்பர் வளையம் போடப்படும். வளையம் பல்லின் விளிம்பைத் தொட்டால் ஊசி அதற்குமேல் இறங்கக்கூடாது. இங்கே நாம் பேசும் 2 மில்லிமீற்றர் ஏறக்குறைய ஒரு நெல்மணியின் அகலந்தான். அவ்வளவு சிறிய இடைவெளியே காவலாக நிற்கிறது. வைத்தியர் திரும்பத் திரும்ப அளப்பதையும் இரண்டாம் முறை எக்ஸ்றே எடுப்பதையும் கண்டு, இவருக்குத் தொழில் தெரியாதோ என்று எண்ண வேண்டாம். தெரிந்தவர்தான் மீண்டும் அளப்பார்.

4. இரண்டாவது அளவு: செறிவு

பல் வைத்தியர்கள் இம்மருந்தை 0.5 வீதத்திலிருந்து ஏறக்குறைய 5 அல்லது 6 வீதம் வரை பல செறிவுகளில் பயன்படுத்துகின்றனர். செறிவு கூடினால் சதையை விரைவாகக் கரைக்கும், ஆனால் வெளியே கசிந்தால் சேதமும் கூடும். செறிவு குறைந்த மருந்தை அடிக்கடி புதிதாக மாற்றிக் கழுவினாலும் நல்ல பயன் கிடைக்கும்.

கலக்கும் கணக்கு, நாம் வயலுக்கு மருந்து கலக்கும் கணக்குப் போன்றதே. 5 வீத மருந்திலிருந்து 1 வீத மருந்து 100 மில்லிலீற்றர் வேண்டுமானால், 20 மில்லிலீற்றர் மருந்துக்கு 80 மில்லிலீற்றர் தண்ணீர். அதாவது ஒரு பங்கு மருந்து, நாலு பங்கு தண்ணீர். ஐந்து பங்கு தண்ணீர் விட்டால் கணக்குப் பிழைத்துவிடும். இந்த இடத்தில் தவறுகிறவர் பலர்.

போத்தலில் எழுதியுள்ள செறிவு என்றென்றும் நிலைப்பதில்லை. வெயிலும் வெப்பமும் பட்டாலும், மூடி திறந்து கிடந்தாலும் மருந்து வலுவிழக்கும். ஆகவே இதனை ஒளி புகாத போத்தலில், குளிர்ச்சியான இடத்தில், திகதி எழுதி வைக்க வேண்டும்.

போத்தலுக்கும் சிறிஞ்சுக்கும் பெயர் எழுதி ஒட்டுவது மிக முக்கியம். ஐப்போகுளோரைற்று தண்ணீர்போலத் தெளிவாக இருக்கும். விறைப்பு மருந்தும் அப்படியே, உப்பு நீரும் அப்படியே. பெயர் ஒட்டாத சிறிஞ்சிலிருந்து விறைப்பு மருந்தென்று எண்ணி இதனை முரசில் ஏற்றிய விபத்துகள் வைத்திய ஏடுகளில் பதிவாகியுள்ளன. பூச்சிமருந்தைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைத்ததால் பிள்ளைகள் குடித்த துயரத்தை நாம் அறிவோம். இரண்டும் ஒரே பிழைதான்.

மருந்துகளைக் கலக்காதிருப்பதும் ஒரு காவல். குளோரெக்சிடின் என்னும் இன்னொரு கிருமிநாசினியோடு இது சேர்ந்தால் கபில நிறப் படிவு உண்டாகி வாய்க்காலை அடைக்கும். அதனால் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையில் உப்பு நீரால் கழுவி உலர்த்துவர்.

5. மூன்றாவது அளவு: விசை

நீளமும் செறிவும் சரியாக இருந்தாலும், தள்ளும் விசை கூடினால் மருந்து வேர் நுனியைத் தாண்டும். கழுவும் ஊசி மிக மெல்லியது. 30ஆம் இலக்க ஊசியின் தடிப்பு ஏறக்குறைய 0.3 மில்லிமீற்றர். இதற்கென ஆக்கப்பட்ட ஊசிகளில் நுனி மூடியிருக்கும், துவாரம் பக்கத்தில் இருக்கும். திரவம் நேரே கீழே பாயாமல் சுவரில் பட்டு மேலே திரும்புவதற்காகவே இந்த அமைப்பு.

நல்ல கைப்பழக்கம் பின்வருமாறு இருக்கும்.

(அ) ஊசி வாய்க்காலில் இறுகி நிற்கக்கூடாது. தளர்வாக, மேலும் கீழும் அசைந்துகொண்டே இருக்க வேண்டும். இறுகிய ஊசியால் தள்ளினால், திரும்பி வர வழியில்லாத திரவம் நுனியால்தான் வெளியேறும்.

(ஆ) சிறிஞ்சைப் பெருவிரலால் அழுத்தாமல் சுட்டுவிரலால் மெதுவாக அழுத்துவது நல்லது. பெருவிரலின் பலம் இந்த வேலைக்கு அதிகம்.

(இ) ஊசி சிறிஞ்சில் திருகிப் பூட்டப்பட்டிருக்க வேண்டும். கழன்று தெறித்தால் கண்ணில் படும். ஆகவே நோயாளிக்கும் கண்ணாடி போடுவார்கள்.

(ஈ) பல்லைச் சுற்றி இறப்பர்த் திரை விரிக்கப்படும். 1864இல் பார்னம் என்ற அமெரிக்கப் பல் வைத்தியர் தொடக்கிவைத்த முறை இது. மருந்து தொண்டைக்குள் போகாமலும், எச்சில் பல்லுக்குள் போகாமலும், சிறு அரம் தவறி விழுங்கப்படாமலும் இது காக்கும். மூச்சு முட்டுமோ என்று பயப்பட வேண்டாம், மூக்கால் மூச்சு விடலாம்.

சில பற்களில் காவல் இன்னும் கூடுதலாக வேண்டும். ஏழெட்டு வயதில் முளைக்கும் முன் மேற்பல்லின் வேர் நுனி மூட மேலும் இரண்டு மூன்று ஆண்டுகள் செல்லும். விழுந்து பல் அடிபட்ட பிள்ளைக்குச் சிகிச்சை செய்யும்போது அந்த நுனி திறந்திருக்கும். மேல் கடைவாய்ப் பற்களின் வேர்கள் கன்னத்து எலும்பின் காற்றறைக்கு அருகில் உள்ளன. கீழ்க் கடைவாய்ப் பற்களின் கீழே உதட்டுக்கு உணர்வு தரும் நரம்பு ஓடுகிறது.

6. மருந்து வெளியே போனால்

இது அரிதாகவே நடக்கும். ஆனால் அடையாளம் தெரிந்திருப்பது நல்லது.

- விறைப்பு ஊசி போட்டிருந்தும் திடீரெனத் தாங்க முடியாத நோவும் எரிவும்.
- சில நிமிடங்களில் கன்னம், உதடு அல்லது கண்ணின் கீழ்ப்புறம் வீங்குதல்.
- வாய்க்காலிலிருந்து இரத்தம் பெருகுதல்.
- தொண்டையிலோ மூக்கிலோ குளோரின் சுவையும் மணமும்.
- அடுத்த நாட்களில் தோல் கறுத்து நீலம் பாய்தல்.

உடனே கையை உயர்த்துங்கள். வைத்தியர் நிறுத்தி, உப்பு நீரால் மெதுவாகக் கழுவி, நோவுக்கு மருந்து தருவார். முதல் நாள் விட்டு விட்டுக் குளிர் ஒத்தடம் கொடுக்க வேண்டும். அடுத்த நாளிலிருந்து இளஞ்சூட்டு ஒத்தடமும் இளஞ்சூட்டு உப்புநீர்க் கொப்புளிப்பும் உதவும். கிருமிக்கான குளிசை தேவையா என்பதை வைத்தியர் தீர்மானிப்பார். பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் பெரும்பாலோருக்கு வீக்கமும் கறுப்பும் சில வாரங்களில் மாறிவிடும். சிலருக்கு விறைப்புணர்வு நீடிக்கலாம். ஆகவே சொன்ன நாளில் திரும்பவும் காட்ட வேண்டும்.

மூச்செடுக்கவோ விழுங்கவோ கடினமாயிருந்தால், வீக்கம் கழுத்துக்கு இறங்கினால், அல்லது பார்வை மங்கினால் நேரத்தைக் கடத்தாமல் பெரிய வைத்தியசாலைக்குப் போங்கள். கண்ணில் தெறித்தால் உடனே சுத்தமான தண்ணீரால் குறைந்தது கால் மணித்தியாலம் கழுவிவிட்டுக் கண் வைத்தியரிடம் காட்டுங்கள்.

சிகிச்சையின் பின் சில நாட்களுக்குக் கடிக்கும்போது சிறிது நோவது வழமை. அதனை இந்த விபத்தோடு சேர்த்து எண்ணிப் பயப்பட வேண்டாம். என்ன நடந்தது என்று கேட்பது உங்கள் உரிமை. அதனை மறைக்காமல் சொல்வது வைத்தியரின் கடமை.

7. நாம் செய்ய வேண்டியவை

போகுமுன்: சிகிச்சை செய்பவர் இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெற்ற பல் வைத்தியரா என்று விசாரியுங்கள். எல்லா வைத்தியசாலைகளிலும் இச்சிகிச்சை இருக்காது. அருகிலுள்ள அரசாங்கப் பல் சிகிச்சை நிலையத்தில் கேட்டால் எங்கே போக வேண்டுமெனச் சொல்வார்கள்.

தொடங்குமுன்: குளோரின் பட்டால் தோல் தடிக்கும் வழக்கம் உண்டா, இருதயத்தில் மின்கருவி பொருத்தப்பட்டுள்ளதா, கர்ப்பமா, வேறு நோய்க்குக் குளிசை எடுக்கிறீர்களா என்பதைச் சொல்லுங்கள். முன்பு அதே பல்லில் எவராவது வேலை செய்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். "நோவு வந்தால் எந்தக் கையை உயர்த்த?" என்று கேட்டு வையுங்கள்.

நடக்கும்போது: அசையாதிருங்கள். எரிந்தால் பொறுத்துக்கொண்டு இருக்க வேண்டாம். பெரியவர்முன் வாய் திறக்கக்கூடாதென்ற எங்கள் பழக்கம் இங்கே உதவாது. ஊசியை நிறுத்த வேண்டுமென்ற செய்தி உங்களிடமிருந்துதான் முதலில் வரும்.

முடிந்தபின்: கொடுத்த திகதியில் திரும்பிப் போங்கள். இடையில் வைக்கும் அடைப்பு சில வாரங்களுக்கே நிற்கும். மாதக்கணக்கில் விட்டால் அடைப்புத் தேய்ந்து எச்சிலும் கிருமியும் மீண்டும் உள்ளே இறங்கும். கழுவியதெல்லாம் வீணாகும்.

8. இடம்பெயர்வும் பாதியில் நின்ற பல்லும்

இடம் மாறும் குடும்பங்களுக்கு வரும் தனித் தொல்லை இது. ஓரிடத்தில் தொடங்கிய பல், இன்னோர் ஊருக்குப் போனதும் பாதியில் நின்றுவிடுகிறது. புதிய வைத்தியரிடம் போகும்போது கையில் ஒரு துண்டும் இல்லை. அவர் முதலிலிருந்து அளக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே ஒவ்வொரு முறையும் உங்கள் கிளினிக் கொப்பியில் பின்வருவனவற்றை எழுதித் தரும்படி பணிவாகக் கேளுங்கள்.

(1) எந்தப் பல்.
(2) எத்தனை வாய்க்கால்கள்.
(3) ஒவ்வொன்றினதும் வேலை நீளம், மில்லிமீற்றரில்.
(4) அந்த நீளம் பல்லின் எந்த முனையிலிருந்து அளக்கப்பட்டது.
(5) உள்ளே வைத்த மருந்தும் திகதியும்.

நான்காவதை மறக்க வேண்டாம். தொடங்கும் இடம் தெரியாத அளவு பயன்படாது. எல்லைக்கல் இல்லாத காணியை எத்தனை முறை அளந்தாலும் வழக்குத்தான் மிஞ்சும் என்பது எமக்குத் தெரியும். அந்த முனை பின்னர் உடைந்திருந்தால் புதிய வைத்தியர் அதனைக் கண்டு மறுபடி அளப்பார். எக்ஸ்றேப் படம் தந்தால் அதனையும் உறுதிப் பத்திரங்களோடு பொலித்தீன் பையில் போட்டு வையுங்கள்.

9. வீட்டில் செய்யக் கூடாதவை

வெளிற்றும் திரவத்தையோ வெளிற்றும் தூள் கரைத்த தண்ணீரையோ சூத்தைக்குள் விடவேண்டாம், அதனால் வாய் கொப்புளிக்கவும் வேண்டாம். அளவும் இல்லை, தடுக்கும் திரையும் இல்லை. எருக்கம்பாலும் பற்றரித் தண்ணீரும் முரசை எரித்துப் புண்ணாக்கும். நோவுக் குளிசையைப் பல்லின்மேல் வைத்து அடக்குவதும் புண்ணைத் தரும், அது விழுங்குவதற்குரியது. மலசலகூடம் கழுவும் அமிலத்தோடு வெளிற்றும் திரவத்தைக் கலக்கவே கூடாது. அதிலிருந்து எழும் குளோரின் வாயு நுரையீரலைத் தாக்கும். பல்லுக்கொதி உள்ளவர் செய்யக் கூடியது இளஞ்சூட்டு உப்புநீரால் கொப்புளித்து, காலந்தாழ்த்தாது பல் வைத்தியரிடம் போவதே.

நினைவில் வைக்க

மருந்து நல்லதா கெட்டதா என்ற கேள்விக்கு ஒரே விடை இல்லை. எவ்வளவு ஆழம், எவ்வளவு செறிவு, எவ்வளவு விசை என்பதே விடை. இந்த மூன்றையும் வைத்தியர் காக்கிறார். கையை உயர்த்துவதையும், திகதி தவறாமல் திரும்பிப் போவதையும், கிளினிக் கொப்பியைக் காப்பதையும் நாம் செய்ய வேண்டும்.

குழுவில் கலந்துரையாட

1. எமது கொட்டில்களில் பெயர் எழுதாத போத்தல்கள் எத்தனை உள்ளன? இந்த வாரம் அவற்றை என்ன செய்யலாம்?

2. எமது குழுவில் பாதியில் நின்ற பல் சிகிச்சை உள்ளவர்கள் யார்? அவர்கள் திரும்பிப் போவதற்குத் தடையாயிருப்பது தூரமா, செலவா, பயமா? அயலவர் எவ்வகையில் உதவலாம்?

3. 5 வீத மருந்திலிருந்து 0.5 வீத மருந்து 100 மில்லிலீற்றர் ஆக்க எவ்வளவு மருந்தும் எவ்வளவு தண்ணீரும் வேண்டும்? (விடை: 10 மில்லிலீற்றர் மருந்து, 90 மில்லிலீற்றர் தண்ணீர்.)